மைக்கில் நான் சொன்ன ஓம்

சபையில் கூடியிருக்கும் சகோதரர்களுக்கும் சகோதரிகளுக்கும் தவராசா எழுதிக்கொள்வது.

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பேனாவைப் பிடித்தால் விரல் கயிற்றைப் பிடிக்கிற மாதிரித்தான் இறுகும். எந்த இடத்தில் எந்த லகரம் வரும் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. என் மனைவி கமலா பார்த்துத் திருத்தித் தந்தாள். அவள் கண்ணுக்கும் தப்பிய பிழைகளைப் பாஸ்டர் வாசிக்கும்போது திருத்தி வாசிப்பார்.

நான் எழுந்து நின்று கதைக்கிறவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். சபைக்கு வரத் தொடங்கிய நாள் முதல் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால்தான் இருப்பேன். ஒரேயொரு தடவைதான் மைக்கில் வாய் திறந்தேன். அன்றும் ஒரு சொல்தான் சொன்னேன். அந்தச் சொல்லுக்கு நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். அந்தச் சொல் பிழை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதோடு, ஆண்டவர் எனக்கு உண்மையாகச் செய்ததையும் சொல்ல வேண்டும்.

என் தொழில் கரைவலை. குச்சவெளிக் கடற்கரையில் இருபத்தாறு வருடமாகக் கயிறு இழுக்கிறேன். தோணி வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு வரும். இரண்டு பக்கக் கயிற்றையும் ஆட்கள் வரிசையாக நின்று இழுப்போம். பார்ப்பவர்கள் கைதான் இழுக்கிறது என்று நினைப்பார்கள். கை கயிற்றைப் பிடித்துக்கொள்வதோடு சரி. இழுப்பது கால். குதிக்காலை ஈரமணலில் புதைத்து, பெருவிரலால் ஊன்றி, ஒவ்வோர் அடியாகப் பின்னுக்கு வரவேண்டும். மீன் நிறைந்த வலைமடி கரைக்கு ஏறும்வரை குதிக்கால் விட்டுக்கொடுக்கக் கூடாது.

போன வருடம் மாசி மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை காலை. அன்றைக்கு இரண்டாம் தடவையாக வலை போட்டிருந்தோம். வரிசையில் நான்தான் கடைசி. மடி கரைக்குக் கிட்ட வந்துவிட்டது, எல்லோரும் வேகம் கூட்டினார்கள். அப்போது என் வலது குதிக்காலுக்கு மேலே யாரோ துடுப்பால் ஓங்கி அடித்தது போல இருந்தது. 'டப்' என்று சத்தமும் கேட்டது. நான் விழுந்துவிட்டேன்.

"ஆர்ரா அடிச்சது?" என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒருவரும் இல்லை. ஈரமணல்தான் கிடந்தது.

எனக்கு முன்னால் நின்ற நிஸார், "எண்ட ரெண்டு கையும் கயித்தில இருக்கு அண்ணன். நான் அடிக்கேல்ல. ஜின் அடிச்சிருக்கும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவனே, "இல்ல, சத்தம் எனக்கும் கேட்டது. உங்கட காலுக்குள்ள கயிறு கிடந்து அறுந்த மாதிரி" என்றான். சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று மாலை, முறிவுக்கு எண்ணெய் கட்டும் ஒருவரிடம் கொண்டுபோனார்கள். அவர் அமத்திப் பார்த்து, "நரம்பு புரண்டிருக்கு. ஒரு கிழமை கட்டோட இரும். சரிவரும்" என்றார். நான் ஓம் என்று தலையாட்டினேன். படித்தவர், வயதில் மூத்தவர், வெள்ளை உடுப்புப் போட்டவர், யார் எதைச் சொன்னாலும் என் வாயில் முதலில் வருவது அதுதான். கேள்வி கேட்டால் இன்னொரு கேள்வி என்னிடம் வரும் என்று பயம். ஓம் என்றால் கதை முடிந்துவிடும்.

பத்து நாளில் வலி போய்விட்டது. உண்மையாகவே போய்விட்டது. ஆனால் கால் வரவில்லை. எப்படிச் சொல்வது? சாக்குக்குள் காலை விட்டு நடப்பது போல. பாதத்தை மேலும் கீழும் அசைக்க முடிந்தது, விரல்களை மடக்க முடிந்தது. உந்தத்தான் முடியவில்லை. குதிக்காலுக்கு மேலே தடவிப் பார்த்தால் ஒரு பள்ளம். என் பெருவிரல் அதற்குள் இறங்கியது. கமலாவுக்கும் சொல்லவில்லை.

பங்குனி மாதம் நமது சபையில் விசேஷ ஜெபக்கூட்டம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வெளியூரிலிருந்து ஒரு ஊழியக்காரர் வந்திருந்தார். நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நோயாளிகள் முன்னே வாருங்கள் என்றபோது கமலா என் முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டாள். ஊழியக்காரர் என் காலில் கைவைத்து ஜெபித்தார். பிறகு மைக்கை என் வாய்க்குக் கிட்டப் பிடித்தார்.

"வலி இருக்குதா, சகோதரன்?"

நான் இல்லை என்று தலையாட்டினேன். வலி இல்லைதானே.

"காலை அசையுங்கோ பாப்பம்."

அசைத்தேன். அசைந்தது.

"ஆண்டவர் சுகம் தந்திட்டாரா?"

அந்த இடத்தில் நான், 'வலி இல்லை, ஆனால் நுனிக்காலில் நிற்க ஏலாது, குதிக்காலுக்கு மேலே பள்ளம் இருக்கிறது' என்று சொல்லியிருக்க வேண்டும். முன்னால் எல்லோருடைய முகமும் தெரிந்தது. சின்னப் பிள்ளைகள்கூடக் கதிரையில் ஏறி நின்று பார்த்தார்கள். மைக்கில் என் மூச்சே பெரிய சத்தமாகக் கேட்டது.

"ஓம்" என்றேன்.

அதன்பிறகு பாட்டும் கைதட்டலும். மைக் வேறு ஆளிடம் போய்விட்டது.

அந்த நாளிலிருந்துதான் என் உண்மையான வருத்தம் தொடங்கியது. சுகமானவன் எப்படி ஆஸ்பத்திரிக்குப் போவான்? பஸ்ஸில் யாராவது கண்டால் என்ன சொல்வது? கடற்கரைக்குப் போனேன். கயிற்றைப் பிடித்தேன். குதிக்கால் மணலில் நிற்கவில்லை, வழுக்கியது. மூன்று அடியில் முழங்கால் குத்தி விழுந்தேன். வலைச் சொந்தக்காரரான சம்மாட்டி ஒன்றும் ஏசவில்லை. "நீர் மீன் பொறுக்கும்" என்றார். மீன் பொறுக்குவது கிழவர்களின் வேலை. பிறகு அதற்கும் கூப்பிடுவதை விட்டுவிட்டார்.

வீட்டில் கமலா ஒருநாள் என் செருப்பு இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தாள்.

"இஞ்ச பாருங்கோ, சுகம் எண்டு சொன்னனீங்கள். ஆனா ஒரு செருப்பு மட்டும் குதியில தேஞ்சு ஓட்டையாப் போகுது."

"எனக்கு விசுவாசம் குறைவோ தெரியாது" என்றேன்.

"விசுவாசம் காலிலயா இருக்கு? காலில இருக்கிறது கால்தான்."

நான் சிரிக்கவில்லை. அந்த நாட்களில் எனக்கு ஜெபம் வரவே இல்லை. முழங்காலில் நின்றால், 'ஆண்டவரே, உம்முடைய பெயரில் நான் பொய் சொல்லியிருக்கிறேன்' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வராது. சுகத்தைக் கேட்கவும் வெட்கமாக இருந்தது. தந்துவிட்டார் என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் எப்படிக் கேட்பது? கரையில் எங்களுடைய ஆட்கள் இழுப்பதை மரத்தடியில் இருந்து பார்ப்பேன். இனி நான் ஒன்றுக்கும் உதவமாட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு ஆளின் கால் போனால் கால் மட்டும் போவதில்லை. பெயர் போகும், இடம் போகும், காலையில் எழும்ப ஒரு காரணம் போகும். ஒரு நாளைக்கு என் பிரேதத்தைத் தூக்கும்போது பாரம் குறைவாக இருக்கட்டும் என்றுகூட நினைத்தேன். அதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் உள்ளதை எழுதுகிறேன்.

சித்திரை மாதக் கடைசியில், ஒரு மத்தியானம், கிளிவெட்டியிலிருந்து ஒரு சகோதரி தன் கணவரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பெயர் வசந்தி. வயல் செய்கிறவர்கள். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். கணவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. இடது பாதம் முழுக்கத் துணி சுற்றியிருந்தது. கிட்டப் போனதும் புண்ணின் மணம் வந்தது. கமலா பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தாள்.

"அண்ணன், உங்கட சாட்சியை எங்கட சொந்தக்காரர் ஒராள் நேரில கேட்டவராம்" என்றார் வசந்தி. "ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் உங்களுக்குக் கால் சுகம் வந்ததாம். அதைக் கேட்டாப் பிறகு நாங்களும் கிளினிக்கை விட்டிட்டம். மூண்டு கிழமையாப் போகேல்ல."

நான் அந்தப் பாதத்தில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தேன்.

"இவருக்குத்தான் கொஞ்சம் சந்தேகம். நீங்கள் உங்கட வாயால ஒருக்கா ஓம் எண்டு சொல்லுங்கோ. அது போதும்."

கணவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வாயில் அந்தச் சொல் வந்து நின்றது. எப்போதும் போலத் தானாக வந்தது. அப்போதுதான், எத்தனையோ நாளுக்குப் பிறகு, உள்ளுக்குள் ஜெபித்தேன். நீண்ட ஜெபம் இல்லை. 'ஆண்டவரே, என் காலை விடும். என் வாயைப் பிடியும்.' அவ்வளவுதான்.

"தங்கச்சி, எனக்குச் சுகமில்லை" என்றேன்.

வசந்திக்கு விளங்கவில்லை. எழுந்து காட்டினேன். இடது நுனிக்காலில் நின்றேன். பிறகு வலதில் நிற்கப் பார்த்தேன். குதிக்கால் நிலத்தை விட்டு ஒரு நூல்கூட எழும்பவில்லை. கமலா வாசலில் நின்று பார்த்தாள். அந்தப் பள்ளத்தை அவளும் அப்போதுதான் கண்டாள்.

"இவரை இண்டைக்கே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. இப்பவே போங்கோ."

வசந்தியின் முகம் மாறிவிட்டது. "அப்ப மைக்கில சொன்னது?"

"வலி இல்லைத்தான்... கேட்ட கேள்விக்கு..." என்று தொடங்கினேன். பிறகு நிறுத்தினேன். "அது பிழை, தங்கச்சி. நான் வெட்கத்தில சொன்னது."

"வெட்கமோ? இவற்ற கால் அழுகுது அண்ணன், உங்களுக்கு வெட்கமோ?"

அவர் தேநீரைக் குடிக்கவில்லை. கணவரின் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு போனார். நான் கதிரையில் இருந்து அழுதேன். கமலா கோபிக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்று, "நாளைக்கு முதல் பஸ்" என்று மட்டும் சொன்னாள்.

பெரியாஸ்பத்திரியில் எலும்பு டொக்டர் என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னார். நல்ல காலின் கெண்டையைப் பிடித்து அமத்தினார். பாதம் தலையாட்டியது. மற்றக் காலின் கெண்டையை அமத்தினார். பாதம் அசையாமல் கிடந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். அறுந்த இரண்டு நுனிக்கும் இடையில் மூன்று விரல் அகலம் இடைவெளி.

டொக்டர் சிங்களத்தில் கதைக்க, தாதி ஒருவர் தமிழில் சொன்னார்.

"ஐயா, சும்மா விட்டிட்டு, காலுக்கு ஒரு பட்டை மாதிரிப் போட்டுக்கொண்டு நடக்கலாம். வெட்டத் தேவையில்லை. ஆனா உந்துற பலம் திரும்பி வராது."

"ஓம்" என்றேன்.

"அல்லாட்டிக் கெண்டையில இருந்து குதி வரைக்கும் பெரிசா வெட்டி, மேல இருக்கிற நாரில ஒரு துண்டைத் திருப்பிக் கீழ கொண்டுவந்து தைக்கலாம். காயம் நீளம். அந்த இடத்தில தோல் மெல்லிசு, காயம் ஆறாமல் வெடிக்கக்கூடும்."

"ஓம்."

"மற்றது, பெருவிரலை மடக்கிற நாரை எடுத்துக் குதி எலும்பில துளைபோட்டு இறுக்கலாம். வெட்டு அவ்வளவு நீளம் இல்லை. எண்டாலும் அதுவும் குதிப் பக்கம்தான், காயம் பிழைக்காது எண்டு சொல்ல ஏலாது. பெருவிரலும் பிறகு பலமா ஊண்டாது."

"ஓம்."

டொக்டர் பேனாவை வைத்துவிட்டு ஏதோ சொன்னார். தாதி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "டொக்டர் சொல்லுறார், மூண்டுக்கும் ஓம் எண்டா உங்களுக்கு மூண்டு கால் வேணுமாம்" என்றார்.

கமலாவும் சிரித்துவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. எழுந்து வெளியே போய்விடலாம் என்று இருந்தது. வசந்தியிடம் ஒரு உண்மை சொல்ல ஆண்டவர் உதவினாரே, இன்னொன்றுக்கும் உதவுவாரா என்று கேட்டேன். கேட்டு முடிக்க முன்னமே வாய் திறந்துவிட்டது.

"மிஸ், எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக அதை ஒரு படித்த ஆளிடம் சொன்னேன். ஒருவரும் ஏசவில்லை. டொக்டர் தன் கதிரையை இழுத்து எனக்குக் கிட்டப் போட்டார். தாதி ஒரு பந்தேஜ் சுருளை எடுத்து வந்தார்.

"நரம்பு புரண்டது எண்டுதான் சொன்னவை" என்றேன்.

"நரம்பு இல்ல ஐயா, நார். நரம்பு அறுந்திருந்தா இது தெரியாது" என்று என் காலில் கிள்ளினார்.

"ஆ!"

"தெரியுதுதானே. இது தசையை எலும்போட கட்டி வைச்சிருக்கிற கயிறு."

கயிறு என்றதும் எனக்கு விளங்கத் தொடங்கியது. பந்தேஜை வாங்கி, வாயால் கடித்து இரண்டாகக் கிழித்தேன். "இண்டைக்கு அறுந்த கயிறு எண்டா இப்பிடி நுனியோட நுனி சேத்துப் பின்னலாம். விட்டு வைச்சா நுனி பிரிஞ்சு பஞ்சாப் போகும். இழுத்தாலும் எட்டாது. அப்ப வேற கயித்தில ஒரு துண்டு வேணும். அதுதானா?"

தாதி சொன்னதைக் கேட்டு டொக்டர் என் கையில் தட்டினார். "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லிவிட்டு, "அதுதான்" என்றார், தமிழில். பிறகு தாதி மூலம் சொன்னார். நான் அறுந்த கிழமையே வந்திருந்தால் வெட்டாமல் பிளாஸ்டர் போட்டுப் பார்த்திருக்கலாமாம். அல்லது சின்னச் சின்ன ஓட்டை வழியாகவே ஊசி கொடுத்துத் தைத்திருக்கலாமாம். ஒன்பது கிழமை போய்விட்டதால் அந்த இரண்டு கதவும் மூடிவிட்டன. அதைக் கேட்டதும் என் ஓம் எவ்வளவு பெரிய சொல் என்று விளங்கியது.

"என்ன தொழில் எண்டு கேக்கிறார்."

சொன்னேன். பெருவிரலா முக்கியம், குதியா என்று கேட்டார். சொல்லத் தெரியவில்லை. பந்தேஜின் ஒரு நுனியைக் கட்டிலின் காலில் கட்டி, மறு நுனியைப் பிடித்து, பின்னுக்குச் சாய்ந்து இழுத்துக் காட்டினேன். வரிசையில் இருந்த நோயாளிகள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஒரு கிழவர், "கட்டிலைக் கரையில ஏத்தப் போறார்" என்றார். நானா அதைச் செய்தேன் என்று இன்றைக்கும் நம்பமுடியவில்லை. டொக்டர் குந்தி இருந்து என் பாதத்தை மட்டும் பார்த்தார். எழும்பி, ஒரு கிழமை யோசித்துவிட்டு வரச்சொன்னார்.

அந்தக் கிழமை கமலாவும் நானும் வேறு கதை கதைக்கவில்லை. கத்தியே வேண்டாம் என்றாள். "பட்டையைப் போட்டுக்கொண்டு மெல்லமா நடவுங்கோ. நான் உங்களை ஓடச் சொன்னனானா?" என்றாள். நீள வெட்டு என்றால் எனக்குப் பயம். உப்புத்தண்ணீரில் நிற்கிறவனுக்கு ஆறாத காயம் என்றால் முடிந்த கதை. பெருவிரலைக் கொடுக்கவும் மனமில்லை. மணலில் பிடிப்பது அந்த விரல்தானே. கடைசியில் கமலாவே கேட்டாள், "குதி நிக்காட்டி அந்த விரலை வைச்சு என்ன செய்யப் போறியள்? பேன் பாக்கவோ?" பெருவிரல் நார் என்று முடிவெடுத்தோம்.

ஒப்பரேஷனுக்கு முதல் பாஸ்டரிடம் போய் எல்லாம் சொன்னேன். அவர் குனிந்து என் காலைப் பார்த்தார். பிறகு, "அண்டைக்கு நானும் உங்கட முகத்தைத்தான் பாத்தனான். காலைப் பாக்கேல்ல. என்ர பிழையும் இருக்கு" என்றார். மைக்கில் சொல்ல ஏலாது என்றேன். "அப்ப எழுதித் தாங்கோ. நான் வாசிக்கிறன்" என்றார். எழுத எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்துவிட்டது.

ஆனி மாதம் இரண்டாம் கிழமை ஒப்பரேஷன். முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே நான் இல்லாதது போல இருந்தது. துளைபோடும் சத்தம் கேட்டது. எல்லாம் நன்றாக நடந்தது என்றார்கள். இனிச் சுகம்தான் என்று நினைத்தேன்.

அதிலிருந்து மூன்றாம் கிழமை பிளாஸ்டரைத் திறந்தபோது காயத்தின் கீழ்ப்பக்கம் கறுத்திருந்தது. பிறகு வெடித்துத் திறந்துவிட்டது. டொக்டர் முன்னமே சொன்ன ஆபத்துத்தான், யார் பிழையும் இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ் ஏறி மருந்து கட்டப் போகவேண்டும். ஆடி மாதம் முழுக்க, ஆவணி முழுக்க. உள்ளே வைத்த நார் வெளியே தெரிந்துவிட்டால் எல்லாவற்றையும் எடுக்கவேண்டி வரும் என்றார்கள். மருந்து கட்டும்போது நான் பார்க்கமாட்டேன், சுவரைப் பார்ப்பேன். 'உண்மை சொன்ன பிறகுமா ஆண்டவரே?' என்று கேட்டேன். பதில் வரவில்லை. சகோதரர்களே, பதில் வராத நாட்களும் இருந்தன என்று நான் எழுதாவிட்டால் இதுவும் பொய்ச் சாட்சியாகிவிடும்.

ஆவணியில் ஒரு நாள், மருந்து கட்டும் அறைக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். "இந்த அண்ணனும் இஞ்சதான் இருக்கிறார்" என்று ஒரு குரல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் வசந்தியும் கணவரும். எழும்பி ஓடக் கால் இல்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

கணவர் பக்கத்தில் வந்து இருந்தார். "ரெண்டு விரல் போயிட்டுது அண்ணன். மிச்சம் எட்டு இருக்கு" என்று பாதத்தை நீட்டிக் காட்டினார். "இன்னும் ஒரு கிழமை பிந்தியிருந்தா முழங்காலுக்குக் கீழ எடுத்திருப்பினமாம்."

"என்னாலதான் அந்த ரெண்டும்" என்றேன்.

"ஓம், உங்களாலதான்" என்றார் வசந்தி. அவர் வார்த்தையை மெல்லுகிறவர் இல்லை. "மிச்ச எட்டும் உங்களாலதான். அண்டைக்கு நீங்கள் வேற மாதிரிச் சொல்லியிருந்தா நாங்கள் நம்பிக்கொண்டு போயிருப்பம்." பிறகு பையைத் திறந்து ஒரு பார்சலை என் மடியில் வைத்தார். "சாப்பிடுங்கோ. உங்களைப் பாத்தா எலும்பும் தோலும்."

அது சோறும் கத்தரிக்காயும். அந்த வாங்கிலேயே சாப்பிட்டேன். சாப்பிடும்போதுதான் விளங்கியது. நான் என் காலுக்காகக் கேட்கவில்லை. காலை விடும், வாயைப் பிடியும் என்றுதான் கேட்டேன். அதைக் கேட்ட அந்த நிமிடமே தந்திருக்கிறார். தந்ததை நான் இவ்வளவு நாளும் காணாமல், கேளாததைத் தரவில்லை என்று சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அதற்குப் பிறகுதான் காலுக்காகவும் கேட்கத் தொடங்கினேன், வெட்கமில்லாமல்.

காயம் ஐப்பசியில் மூடியது. அன்றைக்கு மருந்து கட்டிய தாதி, "ஐயா, இனி வரவேண்டாம்" என்றபோது, எனக்கு அது விடுமுறை விட்ட மணிச்சத்தம் போலக் கேட்டது. செருப்புக்குள் குதியை உயர்த்த வைத்திருந்த அடுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். மாரி மழை முழுக்க வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிக்காலை எழுப்பிப் பழகினேன். கமலா எண்ணுவாள். நான் நிறுத்தினால் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குவாள்.

இந்த வருடம் பங்குனியில் கடற்கரைக்குப் போனேன். நிஸார் என்னைக் கண்டதும் வரிசையை விலக்கி நடுவில் இடம் விட்டான். "இதில நில்லுங்க அண்ணன். முன்னுக்கும் பின்னுக்கும் நாங்க இருக்கிறம்." கயிற்றைப் பிடித்தேன். குதிக்காலை மணலில் வைத்தேன். வழுக்கும் என்று கண்ணை மூடினேன். வழுக்கவில்லை. அடுத்த அடி. அதுவும் நின்றது. மடி கரைக்கு ஏறும்வரை நான் கயிற்றை விடவில்லை. அன்றைக்குப் பெரிய மீன் ஒன்றும் இல்லை, கொஞ்சம் நெத்தலிதான். நான் மணலில் முழங்கால் போட்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். நிஸார் தன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

உள்ளதைச் சொல்கிறேன். கால் பழையபடி இல்லை. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் இழுப்பேன், இரண்டாவதுக்கு நிற்க ஏலாது. பின்னேரம் கணுக்கால் வீங்கும். பெருவிரல் பலமாக ஊன்றாது, செருப்பு சில நேரம் கழன்றுவிடும். வலது நுனிக்காலில் தனியாக நிற்கப் பார்த்தால் குதி ஒரு விரலளவுதான் எழும்பும். அந்த ஒரு விரலளவுக்கு நான் கடன்பட்டவன்.

உங்களில் யாருக்காவது உடம்பிலோ வீட்டிலோ வருத்தம் இருந்தால் ஆண்டவரிடம் கேளுங்கள். நான் கேட்டேன், அவர் கேட்டார். ஆனால் கேட்கும்போது நோகிற இடத்தைச் சொல்லிக் கேளுங்கள். டொக்டரிடமும் அதையே சொல்லுங்கள். விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள். அதைச் சொல்லும் தைரியமும் ஜெபத்தில் கிடைக்கும், அதற்கு நான் சாட்சி. முன்னே வருகிற ஆளிடம் மைக்கைக் கொடுக்கும்போது கைதட்ட அவசரப்படவேண்டாம் என்று பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஆள் இன்னும் ஏதாவது சொல்ல இருக்கக்கூடும்.

நேற்றுப் பின்னேரம் கடலிலிருந்து வந்து கதிரையில் இருந்தேன். கமலா குசினியிலிருந்து, "நோகுதோ?" என்று கேட்டாள்.

"நோகுது" என்றேன்.

அவள் சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

எழுதி முடித்தது, ஆவணி மாதம் பதினேழாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்குப் போக முன்.